பிறன் யார்?

இறையியல் பயிலும் மாணவரின் வகுப்பறைகளில் மாத்திரம் பெரும்பாலும் வழங்கிவந்த ஓர் இலத்தீன் சொற்றொடர், 2025ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் அமெரிக்க நாளிதழ்களின் விவாதப் பொருளாயிற்று. அந்நாட்டின் உப ஜனாதிபதி திரு. ஜே. டி. வான்ஸ், புதிய அரசாங்கத்தின் குடிவரவுக் கொள்கையை ஆதரித்துத் தொலைக்காட்சிப் பேட்டியொன்றிலே பேசினார். ஒருவன் முதலிலே தன் குடும்பத்தை நேசிக்கவேண்டும். பின்னர் அயலவரையும், அதன்பின் தன் சமூகத்தையும், அதன்பின் தன் நாட்டவரையும் நேசிக்கவேண்டும். உலகின் ஏனையோரைப் பற்றிய எண்ணம் அதற்கும் அப்பாலேயே வரவேண்டும். இதுவே பழைய கிறிஸ்தவக் கோட்பாடு என்பது அவர் கூற்றின் சாரம். பிரித்தானியாவின் முன்னாள் அமைச்சர் திரு. ரோரி ஸ்டூவட் இதனை மறுத்து, இது கிறிஸ்து நெறியிலும் பார்க்கக் குலமரபுக்கே நெருங்கியது என்னும் கருத்துப்பட எழுதினார். அதற்கு உப ஜனாதிபதி அளித்த விடை மிகச் சுருக்கமானது. 'ஓர்டோ அமோரிஸ்' என்பதைத் தேடிப் பாரும் என்றார். அன்பின் ஒழுங்கு என்பதே அச்சொற்றொடரின் பொருள்.

வான்ஸ் 2019இல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியவர். ஆதலால் அவர் கூற்றை வெறும் மேடைப் பேச்சென்று ஒதுக்கிவிட இயலாது. அவர் பேசிய காலமும் சாதாரணமானதன்று. அவ்வாண்டு ஜனவரி 20ஆந் தேதி பதவியேற்ற ஜனாதிபதி ட்ரம்ப், அகதிகளை அனுமதிக்கும் திட்டத்தை அன்றைய தினமே இடைநிறுத்தினார். தேவாலயம், பாடசாலை, வைத்தியசாலை ஆகிய இடங்களிற் குடிவரவு அதிகாரிகள் கைதுகளைத் தவிர்க்கவேண்டும் என 2011 முதல் இருந்துவந்த வழிகாட்டலும் உடனே நீக்கப்பட்டது. மறுநாள் வாஷிங்டன் தேசியப் பேராலயத்திலே, ஜனாதிபதியின் முன்னிலையில், அங்கிலிக்க மரபைச் சேர்ந்த பேராயர் மரியான் பட் அம்மையார், அஞ்சி வாழும் குடிபெயர்ந்தோர்மீது இரக்கங் கொள்ளுமாறு நேர்முகமாக வேண்டிக்கொண்டார். மறுபுறத்தே, 2024 தேர்தலில் வெள்ளையின எவாஞ்சலிக்கக் கிறிஸ்தவருட் பெரும்பான்மையோர் திரு. ட்ரம்புக்கே வாக்களித்திருந்தனர். ஒரே வேதத்தைக் கையில் ஏந்தியவர்கள் இரு அணிகளாக நின்றனர்.

அயல்நாட்டு அரசியலுக்கு இலக்கியப் பகுதியில் என்ன வேலை என்று எமது வாசகர் கேட்கலாம். இவ்விவாதம் அரசியலிலே தொடங்கினும், பழைய நூல்களை எவ்வாறு வாசிப்பது என்ற வினாவிலேயே வந்து நின்றது. ஒரு சொல்லுக்கு யாது பொருள், ஓர் உவமைக் கதை எதைச் சொல்கிறது, ஆசிரியன் கூறிய விதியை அவன் கூறிய விலக்கோடு சேர்த்து வாசிப்பதா, தனித்து வாசிப்பதா என்பனவெல்லாம் எம்மவர் வகுப்பறையிலும் கலைமன்றத்திலும் நாள்தோறும் எழுப்பும் வினாக்களே. அங்கு அவ்வினாக்களுக்கு அளிக்கப்படும் விடையைப் பொறுத்து ஒரு குடும்பம் ஒரு நாட்டில் இருப்பதா, விமானத்தில் ஏற்றப்படுவதா என்பது நியாயப்படுத்தப்பட்டது. வாசிப்பு இத்துணைப் பெரிய விளைவை உண்டாக்கும் சந்தர்ப்பங்கள் அதிகமில்லை.

அன்புக்கு ஓர் ஒழுங்கு உண்டென்பது வான்ஸ் புனைந்த கருத்தன்று. புனித அகுஸ்தீனார் 'இறைவனின் நகரம்' என்னும் பெருநூலிலே, ஒழுக்கம் என்பதற்குச் சுருங்கிய வரைவிலக்கணங் கூறப் புகுந்தபோது இத்தொடரையே கையாண்டார். அவர் அதற்கு முன்னர், கி. பி. 396ஆம் ஆண்டையொட்டி எழுதத் தொடங்கிய 'கிறிஸ்தவக் கல்வி' பற்றிய நூலின் முதற் பாகத்திலே இவ்விடயத்தை விளக்கமாக ஆராய்கிறார். மனிதர் யாவரும் ஒரே தரமாக நேசிக்கப்படவேண்டியவர். ஆனால் யாவர்க்கும் உதவி செய்தல் எவராலும் இயலாது. ஆகவே இடத்தாலோ காலத்தாலோ வேறு சந்தர்ப்பங்களாலோ எவன் உன்னோடு நெருங்க நேர்ந்ததோ அவனுக்கு முதலில் உதவு என்கிறார். இவ்விடத்து அவர் தரும் எடுத்துக்காட்டு கருதத்தக்கது. உன்னிடம் மிகுதியாக உள்ள ஒரு பொருளை ஒருவனுக்கு மாத்திரமே கொடுக்கக் கூடும். ஒப்பான தேவையுடைய இருவர் வந்து நிற்கின்றனர். உறவிலும் ஒருவன் மற்றவனை விஞ்சியவனல்லன். அப்போது சீட்டுப் போட்டுப் பார்ப்பதை விட நேர்மையான வழி ஏது? யாவர்க்கும் உதவ இயலாத உலகில் ஒருவன் உனக்கு அருகாமையில் வந்து சேர்ந்தமையையும் அத்தகைய சீட்டாகவே கொள் என்கிறார் அவர்.

இதனை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அகுஸ்தீனார் கூறும் அருகாமை இரத்த உறவோடு முடிந்துவிடுவதன்று. தற்செயலாய் எதிர்ப்பட்டவனும் அதனுள் அடங்குகிறான். நாம் விரும்பித் தேர்ந்துகொண்டவனே அருகிலுள்ளவன் என்று கொள்ள அவர் வாசகம் இடந்தரவில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் இக்கருத்தை எடுத்து, தமது 'இறையியற் சுருக்க'த்தில் நுணுகி வகைப்படுத்தினார். தந்தைக்கு முதலிடமா, மகனுக்கா. மனைவிக்கா, தாய்க்கா என்றெல்லாம் அவர் வினாவெழுப்பி விடைகாண்பதைப் படிக்கும்போது, எமது பழைய உரையாசிரியர்களின் நினைவு வருவது இயல்பே. நெருங்கிய உறவினர்க்கு நாம் பட்ட கடன் பெரிதென்பதை அவர் ஐயமின்றி ஒப்புக்கொள்கிறார். தன் வீட்டாரைப் பேணாதவனை அவிசுவாசியிலும் கெட்டவனாகக் கருதும் வாக்கு, தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்திலேயே உளது. ஆகவே வான்ஸ் கூறியதிற் பாதி உண்மை என்பதை அவரை மறுப்போரும் ஏற்றல் வேண்டும். அண்டை வீட்டான் பசித்திருக்க, ஆபிரிக்காவுக்கு அனுப்பும் பணத்தைப் பற்றிப் பெருமை பேசுவோரை நாமும் கண்டிருக்கிறோம். தூரத்து அன்பு செலவில்லாத அன்பாக இருப்பதும் உண்டு.

ஆனால் அக்குவினாஸ் அங்கே நிறுத்தவில்லை. நன்மை செய்தலைப் பற்றி ஆராயும் பகுதியிலே, சில சந்தர்ப்பங்களில், கொடிய இடுக்கணில் அகப்பட்ட அந்நியனுக்கு, அத்துணை இடுக்கணில்லாத தன் தந்தைக்கு உதவுவதற்கும் முன்னதாக ஒருவன் உதவ வேண்டியவனாகிறான் என்று வெளிப்படையாகவே எழுதிச் சென்றார். எது முதன்மை பெறும் என்பதைப் பொதுவிதியாற் கூறிவிட முடியாது. உறவின் நெருக்கத்தையும் தேவையின் கடுமையையும் ஒருங்கே சீர்தூக்கும் விவேகமே அதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் முடிபு. விதியை மாத்திரம் எடுத்துக்கொண்டு விலக்கை விட்டுவிடுவது எந்த நூலை வாசிப்பதற்கும் ஒவ்வாத முறை. தொலைக்காட்சியிலே எடுத்தாளப்பட்ட அன்பின் ஒழுங்கில் உறவின் அளவுகோல் இருந்தது. தேவையின் அளவுகோல் இருக்கவில்லை.

பெப்ரவரி 10ஆந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அமெரிக்க ஆயர்களுக்கு விடுத்த திருமுகம் இக்குறையையே சுட்டியது. அவர் உப ஜனாதிபதியின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆயினும் அத்தொடரைப் பெயர் சொல்லியே எடுத்துக்கொண்டார். நடுவில் 'நான்' நின்று சுற்றிச் சுற்றி வளையங்களாக விரித்துக்கொண்டு போகும் நலன்களின் பெருக்கம் கிறிஸ்தவ அன்பாகாது என்றும், அன்பின் உண்மையான ஒழுங்கை அறிய விரும்புவோர் நல்ல சமாரியனின் உவமையை இடைவிடாது சிந்திக்கவேண்டும் என்றும் அவர் எழுதினார். எகிப்துக்குத் தப்பியோடிய திருக்குடும்பத்தையும், குடிபெயர்ந்தோர் பற்றிப் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1952இல் வெளியிட்ட சாசனத்தையும் நினைவூட்டினார். கொடுங்குற்றம் புரிந்தவர்களிடமிருந்து மக்களைக் காக்கும் உரிமை ஒரு நாட்டுக்கு உண்டென்பதையும் அவர் மறுக்கவில்லை. எல்லைப் பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த திரு. டொம் ஹோமன், தாமும் ஒரு கத்தோலிக்கர், வத்திக்கானைச் சுற்றி மதில் இருக்கிறதே என்று பதிலுரைத்தார். கேலிக்கு அது போதும்; கேள்விக்கு அது விடையாகாது. ஏப்ரில் 20, உயிர்ப்பு ஞாயிறன்று வான்ஸ் பாப்பரசரைச் சிறிது நேரம் சந்தித்தார். மறுநாட் காலையிற் பாப்பரசர் காலமானார். விவாதம் அவரோடு முடிந்துவிடவில்லை.

அந்த உவமையை எமது தமிழிலே வாசிப்போர்க்கு ஒரு தனிச் சிறப்பு வாய்த்திருக்கிறது. சட்டம் வல்ல ஒருவன் இயேசுநாதரிடம் கேட்ட கேள்வியில் ஆங்கிலத்தார் 'அயலவன்' என்னும் பொருள்படும் சொல்லை இட்டிருக்கின்றனர். புரொட்டஸ்தாந்துத் திருச்சபையார் நெடுங்காலமாக வாசித்துவரும் தமிழ் வேதாகமத்தில் அவ்விடத்தில் நிற்கும் சொல் 'பிறன்' என்பது. கத்தோலிக்கரும் ஏனைய சபையினரும் கூடி 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பிலோ 'அடுத்திருப்பவர்' என்று வருகிறது. இரண்டுக்கும் எத்துணைத் தூரம்! அடுத்திருப்பவர் என்றால் வேலிக்கு அப்பால் இருப்பவர், முகம் அறிந்தவர். பிறன் என்றாலோ தான் அல்லாதவன் எவனும் பிறனே. வாஷிங்டனிலும் உரோமாபுரியிலும் நிகழ்ந்த வாதம் முழுவதும் இவ்விரு தமிழ்ச் சொற்களுக்கு இடையிலே கிடக்கிறது எனலாம். மொழிபெயர்த்த பெரியோர் இதனை எண்ணியே செய்தனரோ, அறியோம். எனினும் கதையின் போக்கை நோக்கும்போது பழைய சொல்லே அதற்கு இசைந்தது என்பது எமது துணிபு.

ஏனெனில், அக்கதையில் வருபவன் எந்த வளையத்திலும் அடங்காதவன். யூதருக்கும் சமாரியருக்கும் இருந்த பகை உலகறிந்தது. அடிபட்டு வழியிற் கிடந்தவனுக்குச் சொந்தச் சமயத்தாரான ஆசாரியனும் லேவியனும் விலகிப் போயினர். கேட்டவன் 'நான் யாரை நேசிக்கக் கடமைப்பட்டவன், அந்த எல்லை எங்கே முடிகிறது' என்று அறியவே வினாவினான். விடையோ வினாவையே திருப்பிவிட்டது: அம்மூவருள் எவன் அவனுக்குப் பிறனாயிருந்தான்? உதவி பெறுவோரின் பட்டியலைக் கேட்டவனுக்கு, உதவி செய்தவனின் நடத்தை காட்டப்பட்டது. இதில் இன்னொன்றும் உண்டு. தன்னைப்போற் பிறனை நேசி என்ற கட்டளை லேவியராகமம் பத்தொன்பதாம் அதிகாரத்தின் பதினெட்டாம் வசனத்தில் உளது. அதே அதிகாரத்தில், பதினாறு வசனங்கள் தள்ளி, தேசத்திலே வந்து தங்கியுள்ள அந்நியனையும் அதே அளவாக நேசிக்கும்படி கட்டளையிடப்படுகிறது. சட்டம் வல்லவன் அதுவரை வாசித்திருப்பின் கேட்டிருக்க வேண்டியதில்லை.

எமது நூல்களிலும் இப்படியொரு வரிசை இல்லாமலில்லை. இல்வாழ்வான் பேணவேண்டியவர்களை எண்ணிச் செல்லும் வள்ளுவர், முன்னோர்க்கும் தெய்வத்துக்கும் அடுத்தபடியாக விருந்தை வைத்து, சுற்றத்தாரை அதன் பின்னும், தன்னை எல்லார்க்கும் பின்னும் வைக்கிறார். விருந்து என்ற சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதை ஆசிரியர்களுக்கு நாம் கூறவேண்டியதில்லை. புதிதாய் வந்தவன் உறவினனுக்கு முன் நிற்கிறான். யாப்பு நோக்கி அமைந்த முறைவைப்பு என்று ஒருவர் வாதிக்கலாம். அவ்வாறாயின் இன்னொரு முறையில் யாத்தல் வள்ளுவருக்கு அரிதாகவா இருந்திருக்கும்? ஆயினும் இதைக் கொண்டு எமது மார்பைத் தட்டிக்கொள்ளும் உரிமை எமக்கில்லை. பூங்குன்றனாரை மேடைதோறும் பாடிவிட்டு, வீட்டு வாயிலில் வேற்றூரானைச் சாதி கேட்பவர்கள் நாம்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை நோக்குவோம். சமாரியன் தன் பையிலிருந்து இரண்டு பணத்தை எடுத்துச் சத்திரக்காரனிடங் கொடுத்தான். அரசாங்கமோ பிறர் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. தனிமனிதனுக்குப் புண்ணியமானது அரசனுக்கு அநீதியாதலுங் கூடும். காயம்பட்ட ஒருவனைக் கண்டால் என் செய்வது என்பதை உவமை கற்பிக்கிறது. ஆண்டுதோறும் எல்லையில் வந்து நிற்கும் பல இலட்சம் பேரில் எத்தனை பேரை ஏற்பது என்று அது கற்பிக்கவில்லை. இவ்வாதத்தை இலேசாகத் தள்ளிவிடுவோர் உவமையை மதிப்போராகார். அதைச் சட்டப் புத்தகமாக்குவோரே ஆவர். அக்குவினாஸ் தாமே, பழைய ஏற்பாட்டுச் சட்டங்களை விளக்கும் இடத்தில், வழிப்போக்கனாய் வந்தவன், குடியிருக்க வந்தவன், முழுக் குடியுரிமை வேண்டுபவன் என அந்நியரை வகைப்படுத்துகிறார். முன்னிருவரையும் துன்புறுத்தலாகாது, மூன்றாமவனுக்கு உடனே நாட்டின் காரியங்களைக் கையளித்தல் ஆகாது, தலைமுறை சில கழியவேண்டும் என்று அரிஸ்டோட்டிலைச் சான்று காட்டி எழுதினார்.

இக்காலத்து அறிஞரிடையேயும் இவ்வாதம் நிகழ்ந்துளது. பழைய ஏற்பாட்டு ஆராய்ச்சியாளரான ஜேம்ஸ் ஹொப்மையர், 2009இல் வெளியிட்ட நூலொன்றில், எபிரேய மொழியிலே 'கேர்' என்பது அனுமதி பெற்றுத் தங்கிய அந்நியனையும் 'நொக்றி' என்பது அவ்வாறல்லாத வெளியானையும் குறிக்கும் என்றும், வேதம் கூறும் பாதுகாப்பு முன்னவனுக்கே உரியதென்றும் வாதித்தார். அதற்கு ஓராண்டு முன்னரே டானியல் கரொல் என்னும் அறிஞர், மனிதன் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டான் என்பதிலிருந்தே ஆராய்ச்சியைத் தொடங்கவேண்டுமென எழுதியிருந்தார். சொல்லாராய்ச்சியை நாம் மதிக்கிறோம். ஆனால் உபாகமம் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் இன்னொரு சட்டமும் உண்டு. எசமானிடமிருந்து தப்பியோடி வந்த அடிமையைத் திருப்பி ஒப்படைக்கலாகாது. அவன் விரும்பிய ஊரில் அவனை இருக்க விடவேண்டும். அவன் யாரிடம் அனுமதி பெற்று வந்தான்? ஆபத்தை நோக்கி எவரையும் திருப்பியனுப்பலாகாதென 1951ஆம் ஆண்டின் ஜெனீவா அகதிகள் சமவாயம் முப்பத்துமூன்றாம் உறுப்புரையில் விதித்ததற்கு, இதனினும் பழைய முன்மாதிரியைக் காண்பது அரிது.

உரோமருக்கு எழுதிய நிருபத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்து, ஆளும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிக என்போரும் உளர். 2018 ஜூன் மாதத்தில், எல்லையிலே பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த கொள்கைக்கு ஆதரவாக அன்றைய சட்டமா அதிபர் ஜெப் செஷன்ஸ் அவ்வதிகாரத்தையே காட்டினார். சில வாரங்களுக்குள் ஈராயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிரிக்கப்பட்டிருந்தனர். சட்டத்தைக் குடிமகன் மதிக்கவேண்டும் என்பது, சட்டஞ் செய்பவன் எதையுஞ் செய்யலாம் என்பதற்கு ஆதாரமாகாது. குடும்பமே முதலில் என்னும் அன்பின் ஒழுங்கைப் பேசுவோர், அந்நியனுக்கும் ஒரு குடும்பம் உண்டென்பதை அவ்விடத்து ஏன் மறந்தனர் என்பதே எமக்கு விளங்காதது.

உவமைக்கும் அரசின் கொள்கைக்கும் இடைப்பட்ட தூரத்தை அளப்பதற்கு எம்மவரைத் தொட்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளலாம். 1986 ஓகஸ்ட் 11ஆந் தேதி, கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால், மூடுபனியிடையே, கஸ் டால்ற்றன் என்னும் மீன்பிடிப் படகின் தலைவர் இரண்டு உயிர்காப்புப் படகுகளைக் கண்டார். அவற்றிலே 155 பேர் நெருக்குண்டு இருந்தனர். யாவரும் ஈழத்துத் தமிழர். 1983இன் பின்னர் இத்தீவை விட்டு ஓடியவர்கள். டால்ற்றன் தம் படகிற் கொள்ளுமட்டும் அவர்களை ஏற்றிக்கொண்டு, ஏனைய கலங்களுக்கும் செய்தி கொடுத்தார். கடலில் மிதப்பவனிடங் கடவுச்சீட்டைக் கேட்பது மீனவர் வழக்கமன்று. அவர்களின் மொழியும் அவருக்குத் தெரியாது, நாடும் தெரியாது.

கரைக்கு வந்ததும் நிலைமை வேறாயிற்று. தாம் இந்தியாவிலிருந்து நேராக வந்ததாக அவர்கள் கூறினர். அது பொய். மேற்கு ஜேர்மனியிலிருந்து, பணங் கொடுத்து, ஒரு சரக்குக் கப்பலில் வந்து நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். இது வெளியானதும் கனடிய மக்களிற் பலருடைய இரக்கம் கோபமாக மாறியது. பாதுகாப்பான ஒரு நாட்டில் இருந்தவர்கள் அகதிகளா என்றும், வரிசையிற் காத்திருப்போரை முந்தியவர்களா என்றும் கேள்விகள் எழுந்தன. அக்கேள்விகள் நியாயமற்றவை என்று நாம் கூறமாட்டோம். பொய்யை அகதியின் உரிமையாக்குவது, மெய் சொல்லி வரும் அகதிக்கே தீங்காகும். ஆயினும் பிரதமர் பிறையன் மல்றோனி, உயிர்காப்புப் படகில் வருவோரைத் திருப்பியனுப்பும் நாடு கனடாவன்று என்ற கருத்தில் உறுதியாய் நின்றார். அவர்களுக்குத் தற்காலிக அனுமதி அளிக்கப்பட்டது. கனடிய மக்களுக்கு ஐக்கிய நாடுகளின் அகதிகள் நிறுவனம் நான்சென் பதக்கத்தை வழங்கியதும் அவ்வாண்டிலேயே.

அடுத்த ஆண்டு ஜூலையில் 174 சீக்கியர் நோவா ஸ்கோசியாக் கரையில் வந்திறங்கினர். அதே பிரதமரின் அரசாங்கம் பாராளுமன்றத்தை அவசரமாகக் கூட்டி, அகதிகளை ஏற்றிவரும் கப்பல்களைத் திருப்பியனுப்புவதற்கு வழிசெய்யும் மசோதாவைக் கொண்டுவந்தது. கனடியத் திருச்சபைகள் பல அதை எதிர்த்தன. முதல் ஆண்டின் கருணைக்கும் இரண்டாம் ஆண்டின் கடுமைக்கும் இடையே கிறிஸ்தவ அறம் மாறிவிடவில்லை. எண்ணிக்கையும் அச்சமுமே மாறின. டால்ற்றன் செய்ததை ஓர் அரசு நாள்தோறும் செய்யமுடியாது என்பது உண்மை. ஆனால் கண்ணுக்கு முன் மிதப்பவனை விட்டுச் செல்லும்படி மீனவனுக்குக் கட்டளையிடும் சட்டம் கிறிஸ்தவச் சட்டமாகாது என்பதும் அத்துணை உண்மை. மீட்கப்பட்டோரிற் சிலர் முப்பதாண்டுகளின் பின் 2016இல் அக்கரைக்குத் திரும்பிச் சென்று அம்மீனவரைச் சந்தித்தனர்.

ஆகவே கிறிஸ்தவ அறம் ஓர் அரசுக்கு எண்ணிக்கையைக் கொடுப்பதில்லை என்பதே எமது கருத்து. ஆண்டுக்குப் பதினாயிரமா, இலட்சமா என்பதை வேதத்தில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். அது வேலைவாய்ப்பையும் வீட்டு வசதியையும் பாடசாலைகளையும் கணக்கிட்டு மக்கள் பிரதிநிதிகள் தீர்மானிக்கவேண்டிய காரியம். ஆனால் எத்தகைய எண்ணிக்கையும் கடக்கலாகாத சில வரம்புகளை அவ்வறம் இடுகிறது. குற்றஞ் செய்தவனையும் குற்றமற்றவனையும் ஒரே பெயரால் அழைத்தலாகாது. பிள்ளையை ஆயுதமாக்கித் தாயை அச்சுறுத்தலாகாது. பல ஆண்டு உழைத்து, வரி செலுத்தி, அண்டை வீட்டானாகவே ஆகிவிட்டவனை நேற்று வந்தவன்போல் நடத்தலாகாது. 2025 நவம்பரிலே அமெரிக்க ஆயர்கள் கூடி, வகைதொகையற்ற பெருந்திரள் நாடுகடத்தலை எதிர்த்து 216 வாக்குகளால் விசேட அறிக்கையொன்றை நிறைவேற்றினர், எதிர்த்தவர் ஐவர். யார், எப்போது, எவ்வாறு நுழையலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எந்நாட்டுக்கும் உண்டு என்று கூறிய பாப்பரசர் பதினான்காம் சிங்கராயரும், நெடுங்காலம் நல்வாழ்வு வாழ்ந்தோரை நடத்தும் முறையைக் கண்டித்து, அவ்வறிக்கைக்குச் செவிசாய்க்குமாறு வேண்டினார்.

அன்பு வீட்டிலே தொடங்கவேண்டும் என்போரிடம் வேறொரு கணக்கையும் கேட்கலாம். அந்நியனுக்கு மறுத்ததை வீட்டாருக்குக் கொடுத்தீரா? 2025 ஜூலை 4ஆந் தேதி அமெரிக்காவிலே கைச்சாத்திடப்பட்ட பெருஞ் சட்டம், குடிவரவுக் கட்டுப்பாட்டுக்கும் எல்லைக் காவலுக்குமாக ஏறக்குறைய 17,000 கோடி டொலரை ஒதுக்கியது. வறிய குடிமக்களின் வைத்தியச் செலவைத் தாங்கும் திட்டத்துக்குரிய நிதியை அதே சட்டம் குறைத்தது. அன்பின் வளையங்களில் இதற்கு எந்த வளையத்தில் இடமென்பது அக்கோட்பாட்டை எடுத்தாண்டோர் விளக்கவேண்டியதொன்று.

வளையங்களின் கடைசியில் நிற்கும் 'உலகின் ஏனையோர்' பற்றிய ஒழுங்கும் வினாவுக்குரியதே. 2026 நிதியாண்டுக்கு அனுமதிக்கப்படும் அகதிகளின் உச்ச வரம்பு 7,500 என 2025 ஒக்டோபர் இறுதியில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டுக்கு முன்னைய அரசாங்கம் விதித்திருந்த வரம்பு 1,25,000. அகதித் திட்டம் 1980இல் சட்டமானதிலிருந்து இத்துணைக் குறைந்த தொகை விதிக்கப்பட்டதில்லை. அத்தொகையிலும் பெரும்பகுதி தென்னாபிரிக்காவின் வெள்ளையரான ஆப்பிரிக்கானருக்கென ஒதுக்கப்பட்டது. குடும்பமும் நாடும் முதலில் என்ற விதி இவ்விடத்துப் பயன்படாது, இருசாராரும் அந்நியரே. அந்நியருள் ஒருவரைத் தெரிந்து ஒருவரை விடுவதற்குத் தேவையை விட வேறெந்த அளவுகோலை அகுஸ்தீனாரிடமோ அக்குவினாஸிடமோ காட்ட முடியும்?

அகுஸ்தீனார் கூறிய சீட்டு அமெரிக்காவுக்கு எப்போதோ விழுந்துவிட்டது. 2001 முதல் 2021 வரை இருபதாண்டுகள் அந்நாட்டுப் படைகள் ஆப்கானிஸ்தானத்தில் இருந்தன. அப்படைகளுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வழிகாட்டிகளாகவும் பணிபுரிந்தோரும் அவர்தம் குடும்பத்தினரும், காபூல் வீழ்ந்த பின்னர் பாகிஸ்தானிலும் பிற இடங்களிலும் விசாரணைகளுக்கு உட்பட்டு அகதி அனுமதிக்காகக் காத்திருந்தனர். 2025 ஜனவரி 20ஆந் தேதி திட்டம் நிறுத்தப்பட்டபோது, சோதனைகள் யாவும் முடிந்து, பயண நாளும் குறிக்கப்பட்டிருந்த ஆப்கானியர் பலரின் விமானப் பயணங்கள் இரத்துச் செய்யப்பட்டன. அவர்களுட் சிலர், இருந்த வீட்டையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் விற்றுவிட்டிருந்தனர்.